நாலாவது தேசிக்காய்

அவர் தொலைபேசி எடுக்கும் விதத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மணி அடித்ததும் பாய்ந்துபோய் எடுக்கமாட்டார். முதலில் அடுப்பை நிற்பாட்டுவார். பிறகு கையைத் துடைப்பார். வெறும் மேலோடு நின்றால் சட்டையை எடுத்து மாட்டி, பொத்தான்களையும் பூட்டுவார். அதற்குள் பாதி அழைப்புகள் அலுத்துப்போய் நின்றுவிடும்.

“ஏனண்ணை உந்தச் சடங்கெல்லாம்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஊரிலையிருந்து என்ன சேதி வருமெண்டு ஆருக்குத் தெரியும், தங்கச்சி? கேட்ட பிறகு அடுப்பை நினைப்பமே?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

லண்டனில், சட்டன் பக்கம், எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி, ஒரு மாடி அறையில் இருந்தார். நான் ஆய்வுகூடத்தில் கழுவிக் கொட்டும் கண்ணாடிக் குழாய்களுக்குச் சம்பளம் தந்த அதே ஆஸ்பத்திரியில், ஸ்டோர்ஸில் அவருக்கு வேலை. மனைவி, நான் காணாமலே அக்கா என்று சொல்லும் மனுசி, யாழ்ப்பாணத்தில் விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தா. பிள்ளைகள் இல்லை. ஊரில் அவருக்கு என்ன நடந்தது, எந்த வழியாக இங்கே வந்து சேர்ந்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லப் பயந்திருப்பார்.

“பயம்தான் அவருடைய முழுநேர வேலை, ஸ்டோர்ஸ் வேலை பகுதிநேரம்” என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அது பொய்யில்லை. பழுப்பு நிறக் கடித உறை வந்தால் தனியே உடைக்கமாட்டார். எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, இவரைப் பக்கத்தில் இருத்திவைத்துக்கொண்டுதான் உடைப்பார். நாய்களுக்குப் பயந்து கோட்டுப் பையில் எப்போதும் பிஸ்கட் வைத்திருந்தார். அதனால் எங்கள் தெரு நாய்கள் எல்லாம் அவர் பின்னாலேயே திரிந்தன. யாராவது கைக்குழந்தையை நீட்டினால் தரையில் உட்கார்ந்த பிறகுதான் வாங்குவார். விழுந்தாலும் அதிக உயரமில்லையாம். வீட்டில் தீப்பிடித்துவிட்டால் என்ற பயத்தில், கீழ்வீட்டு வெள்ளைக்காரக் கிழவியிடம் தன் அறையின் மாற்றுத் திறப்பைக் கொடுத்து வைத்திருந்தார். அவரோடு பழகினால் பயம் தடிமன் காய்ச்சல் மாதிரித் தொற்றும். நானும் இரவில் காஸைப் பூட்டியாச்சா என்று இரண்டு தரம் எழுந்துபோய்ப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

இதைச் சொன்னால் முகம் சுளிப்பார். “பயந்தவன்தான் வீடுபோய்ச் சேருவான், தங்கச்சி” என்பார். ஒரு நாளைக்கு ஒருதடவையாவது அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ஓட்டியது என்ன கார் என்று நினைக்கிறீர்கள்? சிவப்பு நிறத்தில், இரண்டே சீட்டோடு, ரோட்டோடு படுத்துக்கிடக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். வாங்கியவர் அவருடைய தம்பி. வாங்கிய சூடு ஆறுவதற்குள் தம்பிக்குக் கனடா சரிவந்துவிட்டது. போகும்போது திறப்பை அண்ணனின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். விற்றுவிடலாமே என்றால், முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்கு வந்து பேரம் பேசுவானே, அதற்கும் பயம். வேறு வழியில்லாமல் தினமும் அதிலேயே வேலைக்குப் போனார். இரண்டு பஸ் மாறிக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்.

காலையில் வந்து நிறுத்தியதும் இறங்கிவிடுவார். சீட் அவ்வளவு பதிவாக, நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் என்பதால் நான் ஏறும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு காரை ஒருமுறை சுற்றி வருவார். ஏறி உட்கார்ந்து, “முருகா” என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, “பெல்ட் போட்டாச்சோ?” என்பார்.

“ஓம், அண்ணை.”

“இன்னொருக்கா இழுத்துப் பாருங்கோ.”

இழுத்துக் காட்டினால்தான் கார் நகரும். நகர்ந்தாலும் என்ன, பால்வண்டி எங்களை முந்திக்கொண்டு போகும். சிவப்புக் காருக்குள் இரண்டு பேர் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகாட்டுவார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஆனால் அவர் அந்தக் காருக்குப் பயந்ததில் நியாயம் இருந்தது. அதில் பின்சில்லுகள்தான் உந்தும். முன்சில்லுகள் திரும்புவதற்கு மட்டும். எஞ்சின் முன்னால் இருந்ததால், உந்துகிற சில்லுகளுக்கு மேலே பாரமே கிடையாது. ஈர ரோட்டில், அழுகின இலைகளின் மேல் அக்சிலேற்றரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் போதும், பின்பக்கம் தன்பாட்டில் ஒரு பக்கமாகக் கிளம்பிவிடும். எங்கள் வழியோ மேட்டில் ஏறி, மறுபக்கம் நீளமாக இறங்கி, அடியில் ஒரு வளைவில் திரும்புகிற வழி.

அந்த வருடம் இலையுதிர்காலம் தொடங்கும்போது நான் இரண்டு மாதக் கர்ப்பம். முந்திய வருடம் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் சொல்லாமல்தான் வைத்திருந்தோம். ஆனால் காருக்குள் ஒருநாள் எனக்குக் குமட்டிச் சத்தி வந்துவிட்டது. ஓரங்கட்டி நிறுத்தி, வாய் துடைக்கத் தன் கைலேஞ்சியைத் தந்தவருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சொன்னதும் எஞ்சினை நிறுத்தினார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

“ரெண்டு சீட் கார், தங்கச்சி. இனி மூண்டு பேர் போகப்போறம்” என்றார். “குளிர் வரப்போகுது. இந்த டயரோடை ஏலாது.”

அன்று பிடித்த பைத்தியம் அவரை மார்கழிவரை விடவில்லை. லண்டனில் அந்தக் காலத்தில் குளிர்காலத்துக்கென்று தனி டயர் போட்டவர்களை நான் கண்டதில்லை. சட்டனில் டயர் விற்கும் கடைக்காரன், “வருடத்தில் நாலு நாள் பனி பெய்கிறதுக்கு டயரா? வீட்டில் படுத்துத் தூங்கு” என்று சிரித்து அனுப்பிவிட்டானாம். செவன் கிங்ஸில் எங்கள் ஆள் ஒருவர் கராஜ் வைத்திருந்தார். லண்டனின் மறுகோடிக்கு ஓடிப்போய் அவரிடம் யோசனை கேட்டார்.

கராஜ்காரருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. “உந்துறது பின்சில்லுதானே அண்ணை? பின்னுக்கு மட்டும் ரெண்டு ஸ்னோ டயர் போடுங்கோ, காணும். டிக்கிக்குள்ளை ரெண்டு அரிசி மூட்டையைப் போட்டு வையுங்கோ, பாரத்துக்கு. மண் மூட்டை எண்டால் வீண்தானே. அரிசியெண்டால் பனி முடியச் சமைக்கலாம்.”

இதைவிட நல்ல யோசனை எங்கள் ஆட்களுக்கு யார் சொல்ல முடியும்? பின்னால் இரண்டு புது டயர். டிக்கிக்குள் இரண்டு மூட்டை குத்தரிசி. மனிதருடைய முகத்தில் முதல்முதலாகக் கொஞ்சம் நிம்மதியைக் கண்டேன். மேட்டில் ஏறும்போது பின்பக்கம் வாலாட்டவில்லை. எனக்கும் நல்லாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு உறைபனிக் காலை வந்தது. மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கினோம். அடியில் வளைவு. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். முன்சில்லுகள் திரும்பின, கார் திரும்பவில்லை. பின்னால் இருந்த புது டயர்களும் அரிசி மூட்டைகளும் சேர்ந்து எங்களை நேரே தள்ளிக்கொண்டு போயின. அவர் திருப்பிய ஸ்டியரிங்கைப் பிடித்தபடி “முருகா, முருகா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன். ஒரு வீட்டு வேலிச் செடிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு கார் நின்றது.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டுக்காரி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. டிக்கிக்குள் ஒரு மூட்டை வெடித்து, திறந்ததும் அரிசி ரோட்டில் கொட்டிவிட்டது. வெள்ளைப் பனியில் சிவப்பு அரிசி. புறாக்கள் எங்கிருந்தோ வந்து இறங்கின. அவர் ரோட்டோரத்தில் குந்தி இருந்துகொண்டு என்னைப் பார்க்காமலே, “நோ இருக்கோ? எங்கையாவது நோகுதோ?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒன்றுமில்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் கேள்வி நிற்கவில்லை. அன்று முழுக்க எனக்கு வயிறு இழுத்த மாதிரியே இருந்தது. ஒவ்வொரு தடவை கழிப்பறைக்குப் போகும்போதும் இரத்தத்தைக் காண்பேனோ என்று செத்துப் பிழைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து கனடாவுக்குக் கோல் எடுத்தார். தம்பி போட்ட சத்தம் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது.

“பின்னுக்கு மட்டும் போட உமக்கு ஆர் சொன்னது? உந்துறதுக்கு மட்டுமே டயர்? நிக்கிறதும் திரும்புறதும் முன்னாலை! நாலுக்கும் ஒரே மாதிரிப் போடும். அகலமானது வேண்டாம், ஒடுங்கினதாப் பாரும், அதுதான் பனியைக் கிழிச்சு இறங்கும். குளிரிலை இறுகாத ரப்பரா எண்டு பாரும். ஸ்னோவிலை பிரேக்கைச் சடாரெண்டு மிதியாதையும், அக்சிலேற்றரிலையிருந்து காலை எடுத்தால் தன்பாட்டிலை நிக்கும். அரிசியை இறக்கி வீட்டை கொண்டுபோய்ச் சமையும்!”

பிறகு தொடங்கியது தெரிவு. கடைசியில் ஒரு கடையில் நாலுக்கும் பொருந்தக்கூடியதாக இரண்டு வகை இருந்தன. ஒன்று பெரிய பெரிய கட்டிகளாக, ஆழமான பள்ளத்தோடு, பார்த்தாலே பலமாக இருந்தது. மற்றது சாதுவானது. மேலெல்லாம் மெல்லிய கீறல்கள், கத்தியால் வெட்டிவிட்ட மாதிரி. அவர் இரண்டையும் வெளிமுற்றத்துக் குளிரில் வைக்கச் சொல்லி, ஒரு மணித்தியாலம் தெருவில் நடந்துவிட்டு வந்து, பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். கடைப் பெடியன்கள் விசர் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். என்னையும் அமுக்கிப் பார்க்கச் சொன்னார். பெரிய கட்டிகள் கல்லாக இருந்தன. கீறல் போட்டது அந்தக் குளிரிலும் கொஞ்சம் இளகிக் கொடுத்தது.

“பலமா இருக்கிறதை எடுங்கோவன்” என்றேன். எனக்கு ஆழமான பள்ளங்களில்தான் நம்பிக்கை.

“அது முழங்கால் அளவு ஸ்னோவுக்கு, தங்கச்சி. இஞ்சை ஸ்னோ விருந்தாளி, மழைதான் வீட்டுக்காரன். நாங்கள் ஒவ்வொரு நாளும் போறது ஈரத்திலையும் குளிரிலையும். ஒருநாள் பயத்துக்கு எடுக்கக்கூடாது, ஒவ்வொருநாள் பயத்துக்கு எடுக்கவேணும்” என்றார். பயத்தை இப்படித் தரம் பிரிக்க அவரைவிட ஆளில்லை. கீறல் போட்டதையே எடுத்தார்.

டயர் பூட்டிய கையோடு ஆர்ச்வேக்குப் போனோம், ஹைகேற் மலை முருகனிடம். தெருவோரத்தில் காரை நிறுத்தி, ஐயரைக் கூட்டிவந்து, சூடம் காட்டி, நாலு சில்லுக்கும் அடியில் நாலு தேசிக்காய் வைத்தார். கார் மெல்ல உருண்டது. மூன்று தேசிக்காய் நசுங்கின. நாலாவது, முன்னால் இடதுபக்கம், நான் உட்காரும் பக்கத்துச் சில்லுக்கு வைத்தது, வழுக்கிக்கொண்டு வெளியே வந்து மலைச்சரிவில் உருளத் தொடங்கிவிட்டது. அவர் காரைவிட்டு இறங்கி ஓடினார். ஒரு பஸ் வந்ததால் நின்றுவிட்டார். தேசிக்காய் துள்ளித் துள்ளி இறங்கிக் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

“அதை முருகன் எடுத்திட்டார் எண்டு நினையுங்கோ” என்றார் ஐயர்.

அவர் அப்படி நினைக்கவில்லை. மறுநாளிலிருந்து காலையில் காரை வலம் வரும்போது நாலு டயரையும் பெருவிரலால் அமுக்கிப் பார்க்கும் வழக்கம் சேர்ந்தது. என் பக்கத்துச் சில்லுக்கு வந்தால் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். “நசுங்காதது நல்லதில்லை” என்று தனக்குள் முணுமுணுப்பார். எனக்குக் கோபம் வரும். வயிற்றுப்பிள்ளைக்காரியின் காதுபடச் சொல்கிற கதையா இது? சொல்லிவிட்டாரே, இனி எப்படி மறப்பது? நானும் அந்தத் தேசிக்காயை நினைத்து நினைத்துப் பயந்தேன்.

மாசியில் விருந்தாளி வந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் தெருவெல்லாம் ஒரே வெள்ளை. ஆஸ்பத்திரி வேலைக்கு ஸ்னோ என்று லீவு கிடைக்காது. எனக்கு ஏழாம் மாதம். அவர் வரமாட்டார், பயத்தில் படுத்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

நேரத்துக்கு வந்தார். ஆனால் காரைவிட்டு இறங்கவில்லை. நானே கதவைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருமாதிரி இறங்கி உட்கார்ந்தேன். டயரை அமுக்கிப் பார்க்கவில்லை. “முருகா” இல்லை. பெல்ட்டைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. நான் கதவைச் சாத்தியதும் கார் பாய்ந்தது.

முதலில் எனக்குப் பிடிபடவில்லை. டயர் நல்லதாக வேலை செய்கிறது, மனிதருக்கு ஒருமாதிரித் துணிவு வந்துவிட்டது என்று நினைத்தேன். மேட்டில் ஏறும்போது, மற்றவர்கள் எல்லாம் ஊர்ந்துகொண்டிருந்த பனியில், ஒரு பஸ்ஸை முந்தினார். என் கால்கள் தானாகவே தரையை உதைத்தன. அவருடைய கைகளைப் பார்த்தேன். எத்தனையோ மாதங்களாக ஸ்டியரிங்கில் நடுங்கியதைப் பார்த்த கைகள் அன்று அசையாமல் இருந்தன.

டயர்கள் பிடித்தன. நல்ல டயர்தான். கூடாத டயராக இருந்திருந்தால் தெருமுனையிலேயே நின்றிருப்போம்.

அப்போதுதான் மணத்தைக் கவனித்தேன். அவருடைய கோட்டில் கருகின பால் மணம்.

“அண்ணை, பால் எரிஞ்ச மணம் வருது.”

“ஓம்” என்றார். ரோட்டைப் பார்த்தபடியே, “கோல் வந்தது. ஓடிப்போய் எடுத்திட்டன்” என்றார்.

அடுப்பை நிற்பாட்டாமல் எடுத்திருக்கிறார்.

“அக்காவோ?”

“ஓம். ஷெல் விழுந்ததாம்.” கியரை மாற்றினார். “விசா வந்து கிடக்கு, தங்கச்சி. போன கிழமை வந்தது. உங்களுக்குச் சொல்லேல்லை. சொன்னால் ஏதும் நடந்திடுமெண்டு பயந்தன்.”

மேட்டின் உச்சி வந்தது. மறுபக்கம் நீளமான இறக்கம், யாரும் இன்னும் மிதிக்காத பனி. அடியில் அந்த வளைவு.

“இனி எனக்கு என்ன பயம்?” என்றார் அவர். அழுத்தினார்.

ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அக்காவை நான் கண்டதே இல்லை. அந்த நேரத்தில் அவவுக்காக எனக்கு அழுகையும் வரவில்லை, அதுதான் உண்மை. என் பிள்ளை சாகப்போகிறது என்ற ஒன்றைத் தவிர வேறு நினைவில்லை. வயிற்றுக்குள் அது ஒருதரம் புரண்டது. வளைவு கிட்ட வந்துகொண்டிருந்தது.

“அண்ணை, எனக்குப் பயமாக் கிடக்கு” என்றேன். கத்தவில்லை, அதற்கும் பயமாக இருந்தது. “எங்கள் ரெண்டுபேருக்கும் பயமாக் கிடக்கு, அண்ணை.”

அவர் திரும்பி என் வயிற்றில் இருந்த கைகளைப் பார்த்தார். காலை எடுத்தார். பிரேக்கைத் தொடவில்லை. மிதிபடாத பனியை உழுதபடி கார் தன்பாட்டில் வேகம் குறைந்து, குறைந்து, வளைவுக்குச் சற்று மேலே நின்றது. முன்னால் தெரிந்தது, நாங்கள் உடைத்த வேலி, இன்னும் ஓட்டையோடு.

கதவைத் திறந்து இறங்கினார். பனிக்குள் காரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சில்லாகக் குனிந்து, கையால் பனியைத் தட்டிவிட்டு, பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். நாலாவதாக என் பக்கத்துச் சில்லுக்கு வந்தார். அமுக்கினார். பிறகு அப்படியே அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய சத்தம் அந்த ஒடுங்கின நெஞ்சுக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கதவைத் திறந்து, எட்டி, அவருடைய தலையில் கையை வைத்தேன். ஊரில் என்றால் வைத்திருக்கமாட்டேன். தலைமயிரெல்லாம் பனி.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று தலையை நிமிர்த்தினார்.

“ஐயோ தங்கச்சி, அடுப்பு! அடுப்பு எரிஞ்சுகொண்டு கிடக்கு. கீழை அந்தக் கிழவி தனிய!”

ஓடிவந்து ஏறினார். கிழவி மணம் பிடித்து, தன்னிடமிருந்த திறப்பால் திறந்து, அடுப்பை நிறுத்தியிருந்தது போனபிறகுதான் தெரிந்தது. சித்திரையில் என் மகள் பிறந்ததும், எங்கள் வீட்டுத் தரையில் சப்பாணி கட்டி உட்கார்ந்துதான் அவளைக் கையில் வாங்கினார். பனிக்குள் நின்ற அந்த நேரத்தில் இதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? சாவியைத் திருப்ப அவருக்கு இரண்டு தரம் தவறியது. ஸ்டியரிங்கில் வைத்த கைகள் கிடுகிடென்று நடுங்கின. அந்த நடுக்கத்தைக் கண்ட பிறகுதான் எனக்கு உயிர் திரும்பி வந்தது.

“வீட்டை போவம். மெதுவாத்தான் போவன்” என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “பெல்ட் போட்டாச்சோ?”

“ஓம், அண்ணை.”

“இன்னொருக்கா இழுத்துப் பாருங்கோ.”

இழுத்துக் காட்டினேன்.